மலைநாட்டு ஈயக்குண்டு

யாழ்ப்பாணத்து உழவனும் கண்டி மலைநாட்டுக் குடியானவனும் துப்பாக்கிக்கு வழங்கும் பெயர் ஏறத்தாழ ஒன்றே. முன்னவன் அதனைத் ‘துவக்கு’ என்பான். பின்னவன் ‘துவக்குவ’ என்பான். துருக்கியரும் பாரசீகரும் வழங்கிய ஒரு சொல் கடல் கடந்து வந்து, தமிழ்நாட்டிலே துப்பாக்கி என்றும், ஈழத்திலே துவக்கு என்றும் நிலைபெற்றது. கண்டி அரசனுடைய படையிலே துவக்கேந்திய வீரரின் பிரிவுக்கு ‘வெடிக்கார லேகம்’ என்று பெயர். வெடி என்பதும் காரர் என்பதும் தமிழ்ச் செவிக்குப் புதியன அல்ல. சொற்கள் இவ்வாறு தம் வழித்தடத்தைக் காட்டி நிற்கின்றன. ஆனால், அந்தத் துவக்கின் வாயிலிருந்து புறப்பட்ட ஈயக்குண்டோ ஒன்றும் பேசுவதில்லை. அதனை வார்த்தவன் யார், அதற்குரிய மருந்தை அரைத்தவன் யார் என்னும் கேள்விகளுக்கு விடை காணவேண்டுமாயின், கண்டி மாநகரையும் அதனைச் சூழ்ந்த மலைகளையும் நானூறு ஆண்டுக் காலத்தோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் கொழும்புக் கரையை அடைந்தபோது, அவர்களுடைய பீரங்கியின் முழக்கம் இந்நாட்டு மக்களை வியப்பில் ஆழ்த்தியது. அவ்வியப்பின் எதிரொலியை இராசாவலிய என்னும் சிங்கள வரலாற்று நூலிலே இன்றும் கேட்கலாம். ஆயினும் அந்த வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் இந்நாட்டுக் கொல்லர் அக்கருவியின் மருமத்தை அறிந்துகொண்டனர். 1596ஆம் ஆண்டிலே வெளிவந்த தம் பயண நூலில் லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர், சிங்களக் கம்மியர் செய்யும் துவக்குக் குழல்கள் வெள்ளிபோல ஒளிர்வன என்றும், அவற்றுக்கு நிகரானவற்றை வேறெங்கும் காண்பது அரிது என்றும் பாராட்டினார். போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் கூட்டோவும் இக்கம்மியரின் திறமையைப் புகழ்ந்துள்ளார். தம்மை எதிர்த்து நின்றவனின் கைத்திறனைப் பகைவனே புகழ்வதாயின், அப்புகழுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. பேராதனைக்கு அருகே உள்ள கன்னொறுவையில் 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் நாள் இரண்டாம் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயச் சேனையை வளைத்து அழித்தபோது, அத்திறமை போர்க்களத்திலும் மெய்ப்பிக்கப்பட்டது.

கண்டித் துவக்கினை ஒருமுறை கண்டவர் எளிதில் மறவார். நீண்ட குழல், யானைத்தந்தமும் வெள்ளியும் பதித்துக் கொடிவேலை செய்த மரக்கட்டை, இரு கிளையாகப் பிரிந்து சுருண்டு நிற்கும் பின்முனை. ஐரோப்பியத் துவக்குகளிலே தீக்கல்லை அடிக்கும் பொறி வலப்பக்கத்தில் இருக்கும். கண்டித் துவக்கிலோ அது பெரும்பாலும் இடப்பக்கத்தில் அமைந்துள்ளது. போர்த்துக்கேயரிடம் கற்ற பழைய அமைப்பு ஒன்றினைத் தம் வழிக்கேற்ப மாற்றி, தலைமுறை தலைமுறையாக விடாது காத்த கம்மியரின் கையடையாளம் அது. தோளில் ஏந்தும் துவக்கேயன்றி, மரக்கால்களிலே நிறுத்திச் சுடும் ‘கொடித்துவக்கு’ என்னும் சிறு பீரங்கியும் மலைநாட்டில் வழங்கிற்று. வெட்டுக்கிளி போலக் கால் பரப்பி நின்றமையால் ஆங்கிலேயர் அதற்கு அப்பூச்சியின் பெயரையே இட்டனர். மலைப்பாதையிலே சக்கர வண்டி ஏறாது. ஆதலால் ஆள் தூக்கிச் செல்லக்கூடிய பீரங்கியே அந்நிலத்துக்கு ஏற்றதாயிற்று.

இத்தகைய கருவிகளைச் செய்தவர்கள் தனித்தனிக் கடைகளை வைத்திருந்த வணிகர் அல்லர். கண்டி அரசிலே கம்மியர் அனைவரும் ‘கொட்டல் பத்த’ என்னும் திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள். அரசன் வழங்கிய நிலத்தை உழுது உண்டு, அதற்கு ஈடாக அரச பணி செய்தல் அவர்களுடைய கடமை. கொல்லனுக்குப் பொருள் கூலியன்று; நிலமே கூலி. ஆகவே அவன் செய்த துவக்கிலே விற்பனைக்குரிய முத்திரையை அடிக்கவேண்டிய தேவை எழவில்லை. அத்துவக்கு அரசனுடைய துவக்கு என்பதே போதுமானதாயிற்று. இதனாலேயே உலக அரும்பொருட்சாலைகளிலே இன்று போற்றிக் காக்கப்படும் கண்டித் துவக்குகளின் அருகே, அவற்றைச் செய்த கொல்லர்களின் பெயர்களைப் பெரும்பாலும் காண முடிவதில்லை.

துவக்கு இருந்தால் மட்டும் போதுமோ? அதற்கு மருந்து வேண்டும், குண்டு வேண்டும். இரும்பு மலைநாட்டிலேயே கிடைத்தது. 1660ஆம் ஆண்டிலே சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டிலே வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், மண்ணுலையிலே இரும்பு உருக்கும் முறையைத் தம் நூலிலே எழுதி வைத்தார். வெடியுப்பும் மலைக்குகைகளிலே கிடைத்தது. இதனைப் பற்றிய சிறந்த செய்தியைத் தந்தவர் மருத்துவர் ஜோன் டேவி. புகழ்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவியின் தம்பியாகிய இவர், 1816 முதல் 1820 வரை ஆங்கிலப் படையின் மருத்துவராக இலங்கையிலே பணியாற்றினார். தமையனைப் போலவே இவருக்கும் இரசாயனத்தில் நாட்டம் மிகுதி. கண்டிக்குக் கிழக்கே, தும்பறை மலைகளின் நடுவே, மீமுரே என்னும் சிற்றூருக்கு அண்மையில் உள்ள வெடியுப்புக் குகையை அவர் நேரிற் சென்று பார்த்தார்.

அக்குகையிலே எண்ணற்ற வௌவால்கள் உறைந்தன. அவற்றின் எச்சம் பாறையிற் படிந்து, சிதைந்துவரும் பாறையின் சுண்ணத்தோடும் சாம்பற்சத்தோடும் கூடி, காலப்போக்கில் வெடியுப்பாக விளைந்தது. வெடியுப்பாளர் பாறையைக் கொத்தி எடுத்து, இடித்துத் தூளாக்கி, மரச்சாம்பல் சேர்த்து, நீர் ஊற்றி வடித்து, அந்நீரை வெயிலிலும் நெருப்பிலும் வற்றவைத்துப் பளிங்குபோன்ற உப்பினை எடுத்தனர். பின்னர் ஏறக்குறைய ஐந்து பங்கு வெடியுப்புக்கு ஒவ்வொரு பங்கு கந்தகமும் கரியும் சேர்த்து, ஈரமாக்கித் தட்டைக் கற்களுக்கிடையே அரைத்தோ நெல் குற்றும் உரலில் இடித்தோ வெடிமருந்து செய்தனர். ஐரோப்பாவிலே பெரும் ஆலைகளில் நடந்த வேலை, இங்கே அம்மியும் உரலும் கொண்டு நடந்தேறியது. வௌவாலின் எச்சம் ஓர் அரசின் காவலுக்குக் கருவியாயிற்று என்றால், அதனை இயற்கையின் விந்தை என்பதா, மனிதனின் அறிவு என்பதா?

ஆனால், இந்த ஏற்பாட்டிலே ஒரு குறை இருந்தது. கந்தகம் மலைநாட்டிலே விளையவில்லை. ஈயமும் இங்கே தோண்டி எடுக்கப்படவில்லை. இரண்டும் கடல் வழியாகவே வரவேண்டும். ஆதலால் கண்டியின் காவலும் வேட்டையும் துறைமுகங்களின் திறப்பையும் அடைப்பையும் பொறுத்தே நின்றன. வலிமை மிக்க மலை அரண் ஒன்று, ஒரு சிறு மூட்டை மஞ்சட்பொடிக்காகக் கரையோர வணிகனை எதிர்நோக்கி நின்ற நிலை இது. 1765ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கண்டிக்குட் புகுந்து அரண்மனையைக் கொள்ளையிட்டனர். பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கியும் அக்கொள்ளையிலே சென்றது. அடுத்த ஆண்டு, 1766இல், அவர்கள் ஓர் உடன்படிக்கையினால் தீவின் கடற்கரை முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். துறைமுகத்தை இழந்த அரசன் உப்பை மட்டும் இழந்தான் அல்லன். கந்தகமும் ஈயமும் வரும் வழியின் திறவுகோலையும் இழந்தான். அன்று பறிபோன பீரங்கி நெடுங்காலம் ஆம்ஸ்டர்டாம் அரும்பொருட்சாலையிலே இருந்து, 2023ஆம் ஆண்டின் இறுதியிலேதான் இலங்கைக்குத் திரும்பி வந்தது.

இனி வேட்டையைப் பற்றிக் காண்போம். கண்டி அரசர் காலத்திலே யானை அரசனுக்குரிய விலங்கு. அவனுடைய ஆணையின்றி அதனைப் பிடித்தலும் கொல்லுதலும் பெருங்குற்றம். யானையைப் பிடிப்பவர்களுள் சிறந்தவராகிய பணிக்கர், துவக்கை நம்பி வாழ்ந்தவர் அல்லர். தோலினால் முறுக்கிய கயிற்றினைக் கையிலேந்தி, காட்டுயானையின் பின்சென்று, அதன் காலிலே சுருக்கிட்டு மரத்தோடு பிணித்துவிடுவர். யானையை உயிரோடு பிடிப்பதே பயன் தருவதாக இருந்தமையால், அதனைக் குண்டினால் வீழ்த்துவதற்குக் காரணம் அதிகம் இருக்கவில்லை.

1815ஆம் ஆண்டிலே கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817, 1818ஆம் ஆண்டுகளிலே ஊவாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்கிய பின்னர், மலைநாட்டு மக்களிடமிருந்த துவக்குகளை ஆங்கில அரசினர் பறித்தனர். அரச பணி போயிற்று, அரசனும் போயினான். துவக்குச் செய்த கம்மியனுக்கு இனி வேலை தருவார் யார்? இறக்குமதியான ஆங்கிலத் துவக்கும், கப்பலில் வந்த மருந்தும் அவனுடைய உலையை அணைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி, மலைநாட்டுக் கைத்தொழில்களின் எஞ்சிய உயிரை நேரிற் கண்டு, 1908இல் வெளிவந்த தம் மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலிலே பதிவுசெய்தார். அவர் கண்டது மறைந்துகொண்டிருந்த ஓர் உலகம்.

கம்மியனின் கையிலிருந்து துவக்கு பறிக்கப்பட்ட காலத்திலேயே வெள்ளையரின் வேட்டை வளர்ந்தது. காடுகளை வெட்டிக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. காட்டுக்கு உரிய யானை தோட்டத்துக்குப் பகையாயிற்று. அரசாங்கமே யானைத் தலைக்குச் சில சிலிங் பரிசு வழங்கத் தலைப்பட்டது. 1859இல் வெளியான எமர்சன் டென்னன்ற் துரையின் நூல் தரும் கணக்குகள் நெஞ்சை நடுங்கச் செய்வன. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் அழிக்கப்பட்டன. தென் மாகாணத்திலே 1851க்கும் 1856க்கும் இடையில் 2,000 யானைகள் மடிந்தன. மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஒருவரே 1,400 யானைகளைக் கொன்றவர் என அந்நூல் கூறுகிறது. அவர் 1845ஆம் ஆண்டிலே ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். நுவரெலியாவிலுள்ள அவருடைய கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்பது மலைநாட்டார் வழங்கும் செய்தி. கொலைக்குக் கிடைத்த கூலி என்றே அவர்கள் அதனைக் கருதினர்.

அதே 1845ஆம் ஆண்டிலே இலங்கைக்கு வந்தவர் சாமுவேல் பேக்கர். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த இவர், பிற்காலத்தில் ஆபிரிக்காவிலே நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்றார். ஈயக்குண்டின் வரலாற்றிலே இவருக்குத் தனி இடம் உண்டு. ஏனெனில், எந்தத் துவக்கு, எத்தனை மருந்து, எவ்வகைக் குண்டு என்பவற்றை ஒரு கணக்கனைப்போல எழுதி வைத்தவர் இவர். 1840ஆம் ஆண்டிலே பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் துவக்குத் தொழிலாளர் இவருக்காக ஒரு பெருந்துவக்கைச் செய்து கொடுத்தனர். அதன் நிறை 21 இறாத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். உள்ளே இரண்டு சுழிப்பள்ளங்கள். அப்பள்ளங்களிலே பொருந்தி ஓடுமாறு, குண்டைச் சுற்றி அரைஞாண் போன்ற ஒரு வரம்பு வார்க்கப்பட்டிருந்தது. உருண்டைக் குண்டு மூன்று அவுன்சு. கூர்ங்குண்டு நான்கு அவுன்சு. ஒரு வேட்டுக்கு இடும் மருந்து மட்டும் ஓர் அவுன்சு.

இத்துணைப் பெரிய குண்டு எதற்காக? யானையின் மண்டையோடு தேன்கூடு போன்ற எலும்பறைகளால் ஆயது. மூளையோ அதன் உள்ளே ஆழத்திலே சிறிதாய் மறைந்து கிடப்பது. தூய ஈயம் மென்மையானது. எலும்பிலே பட்டதும் அது தட்டையாகி நின்றுவிடும். காயமுற்ற யானை வெறிகொண்டு திரும்பும். ஆகவே வேட்டைக்காரர் உருக்கிய ஈயத்திலே வெள்ளீயமோ பாதரசமோ கலந்து குண்டினைக் கடினமாக்கினர். ஒவ்வொரு துவக்கின் வாயளவும் வெவ்வேறாகையால், ஒவ்வொன்றுக்கும் உரிய குண்டச்சு அதனோடு கூடவே வந்தது. காட்டு முகாமிலே இரவு நெருப்பைச் சுற்றி அமர்ந்து, இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி, அச்சிலே ஊற்றி, மறுநாள் வேட்டைக்குரிய குண்டுகளை வார்ப்பதே அக்கால வழக்கம். துவக்கின் அளவைக் குறிக்கும் முறையும் இவ்வார்ப்பிலிருந்தே பிறந்தது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அது ‘12 போர்’. நான்கு உருண்டைகளாயின் ‘4 போர்’. எண் குறையக் குண்டு பெருக்கும். இன்றும் ‘12 போர்’ என்று சொல்லுகின்ற தோட்டக் காவலாளி, தான் அறியாமலே இறாத்தலும் அவுன்சுமாக ஈயத்தை நிறுத்த பழைய தராசை நினைவூட்டுகிறான்.

குண்டச்சின் காலம் மெல்ல மறைந்து, ஆலைத் தோட்டாவின் காலம் பிறந்தது. 1828ஆம் ஆண்டிலே இலண்டனில் ஈலி சகோதரர் தோட்டாத் தொழிலைத் தொடங்கினர். அவர்களுள் ஒருவராகிய வில்லியம் ஈலி, அத்தொழிலிலே வழங்கும் இரச வெடிப்பொருள் வெடித்து 1841இல் மாண்டார். பிறர் உயிரைப் பறிக்கும் பொருள், அதனைச் செய்தவனையும் விட்டுவைக்கவில்லை. 1862இல் ஜோர்ஜ் கைனொக் பேமிங்காம் நகரத்திலே தம் ஆலையை நிறுவினார். 1866இல் கர்னல் பொக்ஸர் அமைத்த பித்தளைத் தோட்டா ஆங்கிலப் படையிலே வழக்குக்கு வந்தது. மருந்தும் குண்டும் தீக்கொடுக்கும் மூடியும் ஒரே கூட்டுக்குள் அடங்கிவிட்டமையால், வேட்டைக்காரனுக்குக் கொம்பிலே மருந்தும் பையிலே அச்சும் தேவையற்றன ஆயின. 1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதன்பின் இவ்வாலைப் பெட்டிகள் மலையேறுவதும் எளிதாயிற்று. 1918இல் நோபல், கைனொக், ஈலி முதலிய நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தன. 1926இல் அவ்விணைப்பு மாபெரும் இரசாயனக் கூட்டுத்தாபனம் ஒன்றிலே அடங்கியது. ‘ஈலி-கைனொக்’ என்னும் இரட்டைப் பெயர் இவ்வாறு உண்டாயிற்று.

பழந்தோட்டா ஒன்று கையிற் கிடைத்தால் அதன் வரலாற்றை அறிவதற்கு வழி, அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தலே. பித்தளையின் வட்டத்திலே ஆலையின் பெயரும் துவக்கின் அளவும் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். ஈலியின் பெயர் தனித்து நிற்கின்றதா, கைனொக்கோடு கூடி நிற்கின்றதா என்பதைக் கொண்டே, 1918க்கு முற்பட்டதா பிற்பட்டதா என ஓரளவு கணிக்கலாம். குண்டின் உடலும் காலத்தைச் சொல்லும். கருமருந்துக் காலத்துக் குண்டு வெறும் ஈயம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே புகையற்ற மருந்து வந்தபோது, அதன் வேகத்தை ஈயம் தாங்காமையால் அதற்கு உலோகச் சட்டை அணிவிக்கப்பட்டது. அச்சட்டையின் முனையைத் திறந்துவிட்டு, உடலுள்ளே விரிந்து பிளக்கும் குண்டினைச் செய்த இடங்களுள் பெயர் பெற்றது, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலை. 1899ஆம் ஆண்டு ஹேக் மாநாடு அவ்வகைக் குண்டைப் போரிலே விலக்கியது. மனிதனுக்குக் கொடிது என்று விலக்கப்பட்ட குண்டு, விலங்குக்கு உரியதாக வேட்டைக்காரர் கையிலே நிலைத்தது.

வேட்டையின் மிகுதியே அதற்கு எதிரான குரலையும் எழுப்பியது. 1894ஆம் ஆண்டிலே வேட்டை விலங்குகளைக் காப்பதற்கெனச் சங்கம் ஒன்று இலங்கையிலே தோன்றியது. அதனை முதலில் நடத்தியவர்களுள் வேட்டைக்காரரும் தோட்டத்துரைமாரும் பலர். 1916இல் வெடிக்கருவிச் சட்டமும், 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. ஆனால், இழந்தவற்றுள் பல மீளவில்லை. பேக்கர் யானைக் கூட்டங்களைத் தேடித் திரிந்த ஹோட்டன் சமவெளியிலே இன்று யானை இல்லை. 2011ஆம் ஆண்டு நடந்த கணக்கெடுப்பிலே இலங்கை முழுவதும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. ரொஜர்ஸ் ஒருவரே கொன்ற யானைகளின் தொகை, இவ்வெண்ணின் நான்கில் ஒரு பங்குக்கு அண்மையது. சட்டங்கள் வந்த பின்னரும் கள்ளத்தனமாகச் செய்யப்படும் கட்டுத்துவக்கு, மிருகம் வரும் வழியிலே நூல் கட்டி மறைத்து வைக்கப்பட்டு, பன்றியையும் சிறுத்தையையும் மட்டுமன்றி, விறகு பொறுக்கச் சென்ற ஏழையையும் வீழ்த்திவருகிறது. கலையாக இருந்த கைத்தொழில், ஒளித்துச் செய்யும் குற்றமாகச் சுருங்கிவிட்டமை வருந்தத்தக்கது.

கண்டியிலே தலதா மாளிகையை அடுத்துள்ள பழைய அந்தப்புரக் கட்டடமாகிய ‘பல்லே வாகல’ இன்று தேசிய அரும்பொருட்சாலையாக விளங்குகிறது. கண்டி அரசு காலத்துக் கலையையும் வாழ்வையும் அறிய விரும்புவோர் அங்கே சென்று காணலாம். வரலாற்று நூல்களிலே யானையைக் கொன்றவரின் பெயர் இருக்கிறது. துவக்கைச் செய்த கிப்சின் பெயர் இருக்கிறது. தோட்டாவின் அடியிலே ஈலியின் பெயரும் கைனொக்கின் பெயரும் இருக்கின்றன. வெள்ளிபோல ஒளிரும் குழலை அடித்த மலைநாட்டுக் கொல்லனின் பெயரும், வௌவாற் குகையிலே வெடியுப்பு வடித்தவனின் பெயரும், துரைக்கு முன்னே காட்டிலே தடம் பார்த்து நடந்தவனின் பெயரும் அங்கே இல்லை. இடப்பக்கத்திலே அமைந்த பொறியும், தந்தம் பதித்த கொடிவேலையுமே அவர்கள் இட்டுச் சென்ற கையொப்பம். பெயர் தெரிந்தவரின் கதையைப் படிக்கும்போது, அந்தக் கையொப்பத்தையும் சேர்த்துப் படிப்பதே வரலாற்றுக்குச் செய்யும் நீதியாகும்.